அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் எப்படி வாக்களித்தார்? வரி, மருத்துவம், உணவு உதவி: பதிவைத் தேடிப் படிக்க முழுமையான வழிகாட்டி

தேர்தல் நெருங்கினால் தபால் பெட்டியில் அட்டைகள் குவியும். ஒன்றில் "இவர் உங்கள் மெடிகெய்டை (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை) வெட்டினார்" என்றிருக்கும். அடுத்ததில் "இவர் உங்கள் வரியைக் குறைத்தார்". இரண்டும் ஒரே நாளில் போட்ட ஒரே வாக்கைப் பற்றியதாகவே இருக்கக்கூடும்.

புதிதாகக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள், உறவினர்கள் பலரோடு உட்கார்ந்து இந்தப் பதிவுகளைத் தேடியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "ஆம்", "இல்லை" என்பதை முதலில் பார்த்துவிட்டு, அவையில் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பார்க்காமலே எழுந்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தச் சறுக்கலைத் தடுப்பதற்காக.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கணினி, ஒரு எக்செல் தாள், இரண்டு மணி நேரம். கைபேசியில் முயல வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு பக்கங்களைத் திறந்து ஒப்பிட வேண்டியிருக்கும்.

தாளில் எட்டு பத்திகள் போடுங்கள்: தேதி, காங்கிரஸ் எண், மசோதா எண், அவை, கேட்கப்பட்ட கேள்வி, உறுப்பினரின் வாக்கு, மொத்த முடிவு, அவர் சொன்ன காரணம். கேள்விப் பத்தி வாக்குப் பத்திக்கு இடது பக்கம் இருக்கட்டும். அதை நிரப்பாமல் வாக்கை நிரப்பக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடம்.

தளங்கள் மூன்று போதும். மசோதாவுக்கு காங்கிரஸ்.கவ். பிரதிநிதிகள் சபையின், அதாவது ஹவுஸின், வாக்குகளுக்கு ஹவுஸ் கிளார்க் அலுவலகத்தின் தளம். செனட் வாக்குகளுக்கு செனட்டின் தளம். மூன்றும் அரசு தளங்கள், காசில்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

2. யாருடைய பதிவு என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மாநிலங்களில் வாழும் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு செனட்டர்கள், ஒரு ஹவுஸ் உறுப்பினர். இதுபோக மாநில சட்டமன்றத்தில் தனி ஆட்கள் இருக்கிறார்கள். மாநில உறுப்பினரின் பெயரை வைத்துக்கொண்டு காங்கிரஸ் தளத்தில் அரை மணி நேரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து இலக்க ஜிப் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஜிப் இரண்டு தொகுதிகளில் விழலாம். முழு முகவரியையும் கொடுத்துத் தேடுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு தொகுதி எல்லைகள் மாறின. அதனால் 2021-இல் உங்களுக்காக வாக்களித்தவரும் இன்று வாக்களிப்பவரும் வேறு ஆட்களாக இருக்கலாம்.

அவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்த அவையில் இருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கமலா ஹாரிஸ் 2017-இல் செனட்டராக வரி மசோதாவை எதிர்த்தார். 2022-இல் துணை அதிபராக, பணவீக்கக் குறைப்பு மசோதாவில் செனட்டின் 50-50 சமநிலையை உடைக்க வாக்களித்தார். ஆள் ஒருவர்தான், ஆனால் அந்த இரண்டு வாக்குகளும் ஒரே பட்டியலில் வராது.

3. வாக்கைப் பார்க்கும் முன் மசோதாக்களின் பட்டியலைப் போடுங்கள்

இந்த வரிசை முக்கியம். வாக்குகளை முதலில் பார்த்தால், ஏற்கெனவே நம் மனதில் இருக்கும் முடிவுக்குப் பொருந்துபவற்றை மட்டும் பொறுக்குவோம். பட்டியலை முன்கூட்டியே பூட்டிவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

மசோதாவின் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். அமெரிக்காவில் வரி, மருத்துவம், உணவு உதவி மூன்றும் அடிக்கடி ஒரே மூட்டையில் வரும். என் அடிப்படைப் பட்டியல் இது:

2017-இன் வரிச் சட்டம், எச்.ஆர். 1 (எச்.ஆர். என்றால் ஹவுஸில் தொடங்கிய மசோதா). கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக்கியது. மருத்துவக் காப்பீடு எடுக்காதவருக்கு ஒபாமாகேர் (2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) விதித்த அபராதத்தையும் இதுவே பூஜ்யமாக்கியது. ஆகவே இது மருத்துவ வாக்கும்கூட.

2017-இன் ஒபாமாகேர் நீக்க மசோதா, எச்.ஆர். 1628. ஹவுஸில் 217-213 என்று நிறைவேறி, செனட்டில் விழுந்தது.

2018-இன் விவசாய மசோதா, எச்.ஆர். 2. பெயர்தான் விவசாயம். செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஸ்நாப், அதாவது நம்மவர்கள் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொல்லும் உணவு உதவி.

2021-இன் கோவிட் நிவாரணம், எச்.ஆர். 1319. குழந்தைகளுக்கான வரிச் சலுகை, காப்பீட்டு மானியம், ஸ்நாப் உயர்வு எல்லாம் இதில் உண்டு.

2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம், எச்.ஆர். 5376. பெரிய கம்பெனிகளுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி, மெடிகேரில் (முக்கியமாக முதியோருக்கான அரசு காப்பீட்டில்) இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு.

2023-இன் கடன் உச்சவரம்பு ஒப்பந்தம், எச்.ஆர். 3746. ஸ்நாப் வாங்கும், பிள்ளைகள் இல்லாத பெரியவர்களுக்கான வேலை நிபந்தனையை 49 வயதிலிருந்து 54 வரை நீட்டியது. அதே நேரம் முன்னாள் ராணுவத்தினருக்கும் வீடற்றோருக்கும் விலக்கு தந்தது.

2025-இன் எச்.ஆர். 1. வரிக் குறைப்பு, மெடிகெய்ட், ஸ்நாப் மூன்றும் ஒரே மசோதாவில்.

இந்த ஏழோடு உங்களுக்கு அக்கறையுள்ளவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எதையாவது நீக்குவதானால், காரணத்தைத் தாளில் எழுதிவிட்டு நீக்குங்கள்.

4. மசோதா எண்ணை காங்கிரஸ் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்

மேலே எச்.ஆர். 1 இரண்டு முறை வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய காங்கிரஸ் கூடும்போது மசோதா எண்கள் 1-இலிருந்து மீண்டும் தொடங்கும். 2017 மசோதா 115-ஆவது காங்கிரஸைச் சேர்ந்தது, 2025 மசோதா 119-ஆவது. வாக்கெடுப்பு எண்களோ ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தொடங்குகின்றன. "வாக்கெடுப்பு எண் 150" என்று மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எதற்கும் உதவாது.

இதைவிடச் சிக்கலான பொறி எச்.ஆர். 5376. 2021 நவம்பரில் ஹவுஸ் 220-213 என்று நிறைவேற்றியபோது அது பைடனின் பெரிய சமூகநலத் திட்டம். 2022 ஆகஸ்டில் செனட் அந்த எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மொத்தமாக மாற்றி அனுப்பியது. ஹவுஸ் அதை 220-207 என்று ஏற்றது. மெய்ன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஜாரட் கோல்டன் முதல் முறை "இல்லை", இரண்டாம் முறை "ஆம்". எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மனிதர் பல்டியடித்ததாகத் தோன்றும். ஆனால் அவர் முன் வைக்கப்பட்டது இரு வேறு மசோதாக்கள்.

5. மசோதாவின் "ஆக்‌ஷன்ஸ்" பகுதியிலிருந்து வாக்கெடுப்புக்குப் போங்கள்

தேடுபொறியில் உறுப்பினர் பெயரையும் மசோதா பெயரையும் அடித்துத் தொடங்க வேண்டாம். முதலில் வருவது செய்தியோ விளம்பரமோதான். காங்கிரஸ்.கவ் தளத்தில் மசோதாவின் பக்கத்தைத் திறந்து, நடவடிக்கைகளின் பட்டியலை அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு பெயர்வாரி வாக்கெடுப்புக்கும் அங்கே இணைப்பு இருக்கும்.

குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியவற்றுக்குத் தனிநபர் பதிவு கிடையாது. அந்த வரிசையை "பதிவு இல்லை" என்று எழுதி விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

6. கேள்வியைப் படியுங்கள்

மெதுவாகப் போக வேண்டிய இடம் இதுதான். வாக்கெடுப்புப் பக்கத்தின் மேலே "கொஸ்டின்" என்று ஒரு வரி இருக்கும். அவையில் உண்மையில் கேட்கப்பட்டது அது. மசோதா வேண்டுமா வேண்டாமா என்பதே எப்போதும் கேட்கப்படுவதில்லை.

*விவாதத்துக்கு எடுக்கலாமா?* "மோஷன் டு ப்ரொசீட்" என்று இருக்கும். 2017 ஜூலை 25 அன்று ஒபாமாகேர் நீக்கத்தை விவாதத்துக்கு எடுக்க ஜான் மெக்கெய்ன் "ஆம்" என்றார். மூன்று நாள் கழித்து, 28 அதிகாலையில், சுருக்கப்பட்ட நீக்கத் திருத்தத்துக்கு அவரே "இல்லை" என்றார். அது 49-51 என்று விழுந்தது. முதல் வாக்கை மட்டும் எடுத்தால் கதை தலைகீழாகிவிடும்.

*விவாதத்தை முடிக்கலாமா?* இது "க்ளோச்சர்". செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு இதில் 60 வேண்டும். 2024 ஜனவரியில் ஹவுஸ் 357-70 என்று நிறைவேற்றிய குழந்தை வரிச் சலுகை மசோதா, எச்.ஆர். 7024, ஆகஸ்ட் 1 அன்று செனட்டில் 48-44 என்று இங்கேதான் நின்றது. இறுதி வாக்கைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நடக்கவே இல்லை. ஒரு விசித்திரம்: பெரும்பான்மைக் கட்சித் தலைவர் தாமே ஆதரிக்கும் மசோதாவுக்கும் கடைசி நேரத்தில் "இல்லை" என்று மாற்றிப் போடுவதுண்டு. வென்ற பக்கம் இருந்தவர்தான் மறுவாக்கெடுப்பு கேட்க முடியும் என்ற விதி காரணம். தலைவர்களின் பதிவைப் பார்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

*விதியை விலக்கலாமா?* 2022 ஆகஸ்ட் 7 அன்று தனியார் காப்பீட்டிலும் இன்சுலின் விலையை 35 டாலருக்குள் நிறுத்த ஒரு வாக்கெடுப்பு. கேட்கப்பட்டது பட்ஜெட் விதியிலிருந்து விலக்கு. 57 பேர் ஆம், 43 பேர் இல்லை. 60 வராததால் அந்தப் பகுதி பணவீக்கக் குறைப்பு மசோதாவிலிருந்து போயிற்று. மெடிகேர் பகுதி தங்கியது. "இன்சுலினுக்கு எதிராக வாக்களித்தார்" என்ற விளம்பரங்கள் இந்த வாக்கிலிருந்து வந்தவை. அதில் பொய் இல்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. இல்லை என்றவர்கள் அந்த உச்சவரம்புக்காக பட்ஜெட் விதியை விலக்க மறுத்தார்கள் என்று மட்டும் எழுதலாம். மெடிகேர் உச்சவரம்பை எதிர்த்தார்களா என்பதை இந்த வாக்கு சொல்லாது.

*செனட் மாற்றியதை ஏற்கலாமா?* புதியவர்கள் "பாசேஜ்" (நிறைவேற்றம்) என்ற சொல்லைத் தேடி, முதலில் கிடைப்பதோடு நிறுத்திவிடுவார்கள். 2025-இன் எச்.ஆர். 1-க்கு ஹவுஸில் "பாசேஜ்" வாக்கு மே 22 அன்று, 215-214. சட்டமானதோ செனட் திருத்தியது. அதை ஏற்கும் வாக்கு ஜூலை 3, 218-214. பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக் மே மாதம் ஆம், ஜூலையில் இல்லை. ஒஹாயோவின் வாரன் டேவிட்சன் நேர் எதிர். இரண்டு வாக்குகளையும் எழுதாத தாள் இந்த இருவரைப் பற்றியும் தவறான தகவல்தான் தரும்.

*பட்ஜெட் தீர்மானம்.* இது சட்டமல்ல. எந்தக் குழு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தொகை மட்டும் சொல்லும். 2025 பிப்ரவரி 25 அன்று ஹவுஸ் 217-215 என்று நிறைவேற்றிய தீர்மானம், மெடிகெய்டைக் கையாளும் குழுவுக்குக் குறைந்தது 88,000 கோடி டாலரும், ஸ்நாப்பைக் கையாளும் விவசாயக் குழுவுக்குக் குறைந்தது 23,000 கோடி டாலரும் குறைக்கச் சொன்னது. (ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. இந்தப் பெருக்கலில் தப்பு விட்டவர்களில் நானும் ஒருவன்.) இந்தத் தொகைகள் பத்தாண்டு மொத்தம், ஓர் ஆண்டுக்கானவை அல்ல. இந்த வாக்கை "மெடிகெய்டை வெட்டினார்" என்று எழுதாதீர்கள். "வெட்டுவதற்கான இலக்கை ஆதரித்தார்" என்று எழுதுங்கள்.

விவாத விதிகளுக்கான ஹவுஸ் வாக்குகளை நான் தாளில் சேர்ப்பதில்லை. கிட்டத்தட்ட எப்போதும் கட்சிக் கோட்டின்படியே விழும், ஆளைப் பற்றி அதிகம் சொல்லாது.

7. அன்றைய வாசகத்தைத் திறந்து பாருங்கள்

ஒரே மசோதா ஆறு மாதத்தில் வேறொன்றாகிவிடும். 2018 விவசாய மசோதா ஜூன் 21 அன்று ஹவுஸில் 213-211 என்று தப்பிப் பிழைத்தபோது ஸ்நாப்புக்குக் கடுமையான வேலை நிபந்தனைகள் அதில் இருந்தன. செனட் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் 12 அன்று இறுதி வடிவம் வந்தபோது அந்த நிபந்தனைகள் இல்லை, ஹவுஸ் 369-47 என்று நிறைவேற்றியது. "விவசாய மசோதாவை ஆதரித்தார்" என்ற வாக்கியத்துக்கு, எந்த மாதம் என்று சொல்லாவிட்டால் பொருளே இல்லை.

மசோதாவின் "டெக்ஸ்ட்" பகுதியில் வடிவங்கள் தேதியோடு இருக்கும். வாக்குத் தேதிக்கு உரியதைத் தேர்ந்தெடுத்து, "நியூட்ரிஷன்", "மெடிகெய்ட்" என்ற சொற்களைத் தேடினால் போதும். ஆயிரம் பக்கத்தையும் யாரும் படிக்கச் சொல்லவில்லை.

மெடிகேரும் மெடிகெய்டும் வேறு என்பதை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதலாவது முக்கியமாக 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரண்டாவது குறைந்த வருமானக்காரர்களுக்கு, மாநிலமும் பணம் போடுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் மாறும். கலிஃபோர்னியாவில் மெடிகெய்ட் என்பது மெடி-கால், ஸ்நாப் என்பது கால்ஃபிரெஷ்.

8. "இல்லை"க்குக் காரணம் கண்டுபிடிக்காமல் காரணம் எழுதாதீர்கள்

2018 மே 18 அன்று அதே விவசாய மசோதா 198-213 என்று தோற்றது. ஜனநாயகக் கட்சியினர் ஸ்நாப் நிபந்தனைகளுக்காக எதிர்த்தார்கள். அவர்களோடு சேர்ந்து முப்பது குடியரசுக் கட்சியினரும் எதிர்த்தார்கள். அவர்களில் பலருக்கு ஸ்நாப் பற்றி மனக்குறை எதுவுமில்லை. குடியேற்ற மசோதா ஒன்றுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று பிடிவாதம்.

2023 கடன் உச்சவரம்பு ஒப்பந்தமும் இப்படித்தான். 314-117. எதிர்த்த 117 பேரில் 71 பேர் குடியரசுக் கட்சி, 46 பேர் ஜனநாயகக் கட்சி. ஒரு பக்கம் குறைப்பு போதாது என்றவர்கள், மறுபக்கம் குறைப்பே கூடாது என்றவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு இது பழக்கமில்லாத விஷயம். அங்கே கொறடா உத்தரவை மீறினால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அதனால் கட்சி தெரிந்தால் வாக்கும் தெரியும். இங்கேயும் கொறடா உண்டு, ஆனால் அவரை மீறினால் பதவி போகாது. ஆகவே காரணத்தை அவர் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். வாக்களித்த நாள் அல்லது மறுநாள் உறுப்பினர் தளத்தில் அறிக்கை இருக்கும். இல்லாவிட்டால் அவை நடவடிக்கைக் குறிப்பான காங்கிரஷனல் ரெக்கார்டில் தேடுங்கள். எங்கும் இல்லையா, பத்தியை வெறுமையாக விடுங்கள்.

9. வராதவர்களும் "பிரசன்ட்" போட்டவர்களும்

"நாட் வோட்டிங்" என்பதை எதிர்ப்பாக எண்ணாதீர்கள். உடல்நலம், விமானத் தாமதம், தூக்கம் என எதுவும் இருக்கலாம். 2025 மே 22 அதிகாலை வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியினர் இருவர் வாக்களிக்கவில்லை. மேரிலாந்தின் ஆண்டி ஹாரிஸ் மட்டும் "பிரசன்ட்" போட்டார், அதாவது ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் வந்திருப்பதை மட்டும் பதிவு செய்தார். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய மசோதா என்பதால் அந்த மூன்றுக்கும் எடை இருந்தது. தாளில் மூன்றாவது வகையாகவே பதிவு செய்யுங்கள்.

வாக்கைத் தவறவிட்டவர் "வந்திருந்தால் ஆம் என்றிருப்பேன்" என்று பிறகு குறிப்புச் சேர்ப்பதுண்டு. அதைக் காரணப் பத்தியில் எழுதலாம், வாக்குப் பத்தியில் கூடாது.

10. மதிப்பெண் பட்டியல்கள் கடைசியில்

பல அமைப்புகள் உறுப்பினர்களுக்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எந்த வாக்குகளை எடுப்பது என்பதை அவையே முடிவு செய்கின்றன. உங்கள் தாள் முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் எடுத்து நீங்கள் விட்டது எது என்று தெரியும். முன்னால் பார்த்தால், அவர்கள் பட்டியலே உங்கள் பட்டியலாகிவிடும்.

11. நிரப்பிய ஒரு தாள்: சூசன் காலின்ஸ்

மெய்ன் மாநில செனட்டர், குடியரசுக் கட்சி, 1997 முதல். இவரை எடுத்ததற்குக் காரணம், எந்த ஒற்றை வாக்கியத்திலும் அடங்காதவர் என்பதே.

2017 ஜூலை 25, ஒபாமாகேர் நீக்கத்தை விவாதத்துக்கு எடுக்க: இல்லை.
2017 ஜூலை 28, சுருக்கப்பட்ட நீக்கம்: இல்லை.
2017 டிசம்பர் 20, வரி மசோதா, 51-48: ஆம்.
2022 ஆகஸ்ட் 7, தனியார் காப்பீட்டு இன்சுலினுக்காக விதி விலக்கு: ஆம்.
அதே நாள், பணவீக்கக் குறைப்பு மசோதா, 51-50: இல்லை.
2023 ஜூன் 1, கடன் உச்சவரம்பு ஒப்பந்தம், 63-36: ஆம்.
2025 ஜூன் 28, எச்.ஆர். 1-ஐ விவாதத்துக்கு எடுக்க, 51-49: ஆம்.
2025 ஜூலை 1, எச்.ஆர். 1 நிறைவேற்றம், 51-50: இல்லை.

ஜூலை 2017-இல் அவர் எதிர்த்த சுருக்கப்பட்ட நீக்கத்தில் காப்பீட்டு அபராத ரத்தும் இருந்தது. ஐந்து மாதம் கழித்து ஆதரித்த வரி மசோதாவிலும் அது இருந்தது. இதை முரண் என்பதா, வேறு காரணங்களுக்கான சமரசம் என்பதா என்பது உங்கள் தீர்ப்பு. இரண்டு வரிசைகளும் தாளில் இருந்தால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும்.

12. அமலுக்கு வரும் தேதியை ஓரத்தில் எழுதி வையுங்கள்

வாக்குக்கும் விளைவுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடும். 2025 சட்டத்தில் ஸ்நாப் வேலை நிபந்தனை 64 வயது வரை நீட்டப்பட்டது. ஒபாமாகேரின் மெடிகெய்ட் விரிவாக்கத்தில் வருபவர்களுக்கு மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனையை மாநிலங்கள் 2027 ஜனவரி 1-க்குள் கொண்டுவர வேண்டும். ஸ்நாப் கணக்கில் பிழை விகிதம் 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள மாநிலங்கள் உதவித்தொகையில் 5 முதல் 15 சதவீதம் வரை தாமே ஏற்பது 2028 நிதியாண்டில், அதாவது 2027 அக்டோபரில் தொடங்குகிறது. அப்போது மாநில அரசு எதையாவது குறைத்தால், கோபம் மாநில ஆளுநர் மேல் திரும்பும். உங்கள் தாளில் 2025 ஜூலை வரிசைக்குப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கட்டும்.